மூன்று ஞாயிறு ஓலை

1

நாகப்பட்டினம்
1927 மே 20

சேசு மரி சூசை துணை

கடல் கடந்து வேதம் சொல்லப் போன மகாவீரன், என் அக்காள் பெற்ற ஒற்றைச் சிங்கம், பினாங்கு மாநகரத்து உபதேசியார் பெர்னார்டுக்கு, தாலுகா கச்சேரி மரத்தடியில் மனு எழுதி இந்த ஜில்லாவையே தாங்கிக்கொண்டிருக்கும் தாய்மாமன் தனிஸ்லாஸ் ஆயிரத்தெட்டு ஆசீர்வாதங்களோடு எழுதியது. உன் அம்மா சுகம். நானும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் தனி ராஜ்யம் கேட்டுக் கலகம் செய்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது?

நீ போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. உன் கப்பல் புறப்பட்ட அன்று நான் அழுத அழுகையில் நாகப்பட்டினத்துக் கடல் இரண்டு அங்குலம் ஏறிவிட்டதென்று துறைமுக அதிகாரி விசாரணைக்கே வந்துவிட்டார். ஒரு மனு எழுதிக் கொடுத்துத் தப்பித்தேன்.

கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். ஏழு நாளும் கப்பலில் வாந்தி எடுத்ததாக எழுதியிருந்தாய். இதைப் பெற்றவளிடம் எப்படி வாசிப்பது? "நடுக்கடலில் புயல் வந்தது, கப்பித்தான் மண்டியிட்டு உபதேசியாரே காப்பாற்றும் என்று கதறினான், நான் செபமாலையை எடுத்ததும் கடல் பூனைக்குட்டி போலப் படுத்துக்கொண்டது" என்று வாசித்தேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம்புள்ள சின்னதுலயே அப்பிடித்தான்டா. அவன் தொட்டா முட்டுற ஆடுகூட அடங்கும்" என்றாள். மறுநாள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கோவில் பாட்டுக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிறார்.

நீ அங்கே முகம் சுளிப்பது எனக்கு இங்கே தெரிகிறது. உண்மையை வாசித்தால் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. பொய்யை வாசித்தால் இரண்டு கவளம் கூடச் சாப்பிடுகிறாள். எது புண்ணியம் என்று வேதம் படித்த நீயே சொல்.

அங்கே விடிந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன செய்கிறாய் என்று ஒன்று விடாமல் எழுது. சுருக்கி எழுதினால் மிச்சத்தை நான் நிரப்பிவிடுவேன், ஜாக்கிரதை.

உன் நலமே கோரும்
தனிஸ்லாஸ், மனுக்களின் மகாசமுத்திரம்

2

பினாங்கு
1927 ஜூன் 14

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மாமாவுக்கு மருமகன் பெர்னார்ட் தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டது. அம்மாவின் இருமலும் தங்கள் முழங்காலும் எப்படி இருக்கின்றன?

விடியற்காலை நாலரைக்குக் கோவில் மணி என் கையில். பூசைக்கு முன் சனங்களோடு செபம் சொல்ல வேண்டும். பிறகு பிள்ளைகளுக்கு ஞானோபதேசம். பத்து மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரி. நம் பக்கத்து ஆட்கள் யார், ஞானஸ்நானம் வாங்கியவர்கள் யார் என்று கட்டில் கட்டிலாகக் கேட்டுப் பெரிய சாமியாரிடம் சொல்ல வேண்டும். வெயில் தாழ்ந்ததும் துறைமுகக் கூலிகளின் லைன் வீடுகள். அங்கிருந்து ஜெலுத்தோங் வரை சைக்கிள். சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. சர்வேசுரன் சித்தப்படி நிற்கும்.

லைனில் ஆண்கள் சம்சு என்கிற சாராயத்தைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். போன வாரம் நரகத்தைப் பற்றிப் பேசப் போனேன். ஒருவர், "தம்பி, மொதல்ல ஒனக்கு மீசை மொளைக்கட்டும். நாங்க நரகத்துலதான் மூட்டை தூக்கிட்டு இருக்கோம். எங்களுக்கே சொல்லித் தர்றியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு தஞ்சாவூர்க்காரர் வீட்டுக்குக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். நாளைக்குக் காகிதம் கொண்டுவருகிறேன் என்றேன். மறுநாள் அந்தக் கட்டிலில் வேறொருவர் இருந்தார். எந்த ஊர் என்றுகூட நான் கேட்டுவைக்கவில்லை. இப்போது சட்டைப்பையில் எப்போதும் காகிதம் இருக்கிறது.

சூலியா தெருவில் சீனி முகம்மது என்று ஒருவர் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். சைக்கிளை நிறுத்த நான் காலைத் தேய்ப்பதைப் பார்த்தாலே, "ஒபதேசியாரே, ஊர்பட்ட ஆத்துமாவக் காப்பாத்துறீங்க, ஒங்க ஒடம்ப யாரு காப்பாத்துவா? உக்காருங்கலா, கோப்பி ஆறுது" என்று கூப்பிட்டுவிடுவார். இந்த ஊரில் பேச்செல்லாம் 'லா'வில்தான் முடியும்.

மலாய் பேசாமல் இந்த ஊரில் ஒரு வாழைப்பழம் வாங்க முடியாது. எனக்கு அதைக் கற்றுத் தருவது ரீத்தா. நார்த்தம் ரோட்டில் ஒரு துரை வீட்டில் ஆயா, இங்கேயே பிறந்தவள். தாய் தகப்பன் இல்லை, அத்தை மட்டும். ரீத்தாவுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. ஞாயிறு பூசைக்குப் பின் நான் அவளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறேன், அவள் எனக்கு மலாய் சொல்லித் தருகிறாள். நான் பேசுவதைக் கேட்டு ரீத்தா சிரிக்கிற சிரிப்பில் பாதிக் கோவில் திரும்பிப் பார்க்கிறது. "ஒபதேசியாரே, நீங்க பேசுற மலாய் மலாய்க்காரங்களுக்கே தெரியாதுலா" என்கிறாள். மாதா பீடத்துக்குத் துணி தைத்துக் கொடுப்பதும் ரீத்தாதான்.

சர்வேசுரன் கிருபையால் என் நாள் இப்படிப் போகிறது. இதை அம்மாவுக்கு உள்ளபடியே வாசிக்கவும்.

தங்கள் மருமகன்
பெர்னார்ட்

3

நாகப்பட்டினம்
1927 ஜூலை 18

சேசு மரி சூசை துணை

பிரேக் இல்லாத சைக்கிளில் பரலோகம் ஏறும் மாப்பிள்ளைக்கு, மாமன் வாழ்த்து. நாங்கள் நலம், அக்காவின் இருமல் பாதியாகிவிட்டது. மீதிப் பாதியையும் என் கையெழுத்தில் ஒரு மனு போட்டு விரட்டிவிடுவேன்.

உன் கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்து ஆராய்ந்தேன். அதில் சர்வேசுரன் இரண்டு முறை வருகிறார். மாதா ஒரு முறை. ரீத்தா நான்கு முறை! நான் முப்பது வருஷமாகப் பிறத்தியார் மனசைக் காகிதத்தில் எழுதுகிறவன். "மேற்படி மனுதாரர் மேற்படி பெண்ணைக் குறித்து" என்று ஆரம்பித்தால் மீதி எனக்குத் தானாக வரும்.

உபதேசியார் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு வார்த்தை எழுது. பதினெட்டு யானை, நாற்பது நாதஸ்வரம், இரண்டு கப்பல் நிறையப் பூ, எல்லாவற்றோடும் வந்து இறங்குகிறேன். பினாங்குத் தீவு ஒரு பக்கமாகச் சாய்ந்தால் என் பொறுப்பல்ல.

வாயைத் திறடா மாப்பிள்ளை. நீ திறக்காவிட்டால் வேறொருவன் திறப்பான்.

தனிஸ்லாஸ்
உனக்காக யானை தேடிக்கொண்டிருப்பவன்

4

பினாங்கு
1927 அக்டோபர் 8

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மாமாவுக்கு தோத்திரம். நான் சுகம். நடுவில் எட்டு நாள் காய்ச்சல் இருந்தது. சீனி முகம்மது அண்ணன் கஞ்சி கொடுத்தனுப்பினார். இப்போது தேவலை. அங்கே எல்லோரும் நலந்தானா? பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். நீங்கள் கேட்டதற்கு எழுத ஒன்றுமில்லை.

ஒரு காரியம் கேட்க வேண்டும்.

ரீத்தாவுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். மாப்பிள்ளை பெயர் மதலைமுத்து. துறைமுகத்தில் தொங்காங் படகுகளில் மூட்டை ஏற்றுகிறவர். நல்ல குரல், பிரார்த்தனை பாடினால் கோவில் நிறையும். அவளுக்கும் சம்மதம். ஆகஸ்டு மாதம் அவளே வந்து என்னிடம் சொன்னாள்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசிப்பது உங்களுக்குத் தெரியும். ஊரில் என்றால் தடை தெரிந்தவர் யாராவது எழுந்து சொல்லிவிடுவார். இங்கே மாப்பிள்ளைகள் கடல் தாண்டி வந்தவர்கள். அவர்கள் விட்டுவந்த ஊரில் என்ன இருக்கிறதென்று இந்தக் கோவிலில் யாருக்குத் தெரியும்? அதனால் ஊர்க் கோவிலிலிருந்து, இன்னார் கல்யாணம் ஆகாதவர் என்று எழுத்து வந்த பிறகே இங்கே ஓலை. மதலைமுத்துவின் ஊர் ஆலங்கரைப்பட்டி. நாகப்பட்டினத்திலிருந்து பன்னிரண்டு மைல், நடுவில் ஆறு. அங்கே சாமியாருக்கு இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. நவம்பர் 27-ல் கிறிஸ்துமசுக்கு முந்தின ஆகமன காலம் தொடங்கிவிடும். பிறகு வருஷம் பிறக்கும்வரை கோவிலில் கல்யாணம் கிடையாது. ரீத்தாவின் துரை டிசம்பரில் சிங்கப்பூருக்கு மாற்றலாகிப் போகிறார். அதற்குள் கல்யாணம் ஆகாவிட்டால் அவளும் அவர்களோடு போக வேண்டும்.

பெரிய சாமியார், நம்பத்தக்க ஒருவர் நேரில் போய்ப் பதிவேட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். நான் தங்கள் பெயரைச் சொன்னேன்.

ஆலங்கரைப்பட்டிக்குப் போய்ப் பதிவேட்டைப் பாருங்கள். இரண்டு வீட்டிலாவது விசாரியுங்கள். இதில் மட்டும் விளையாட வேண்டாம், மாமா.

தங்கள்
பெர்னார்ட்

5

நாகப்பட்டினம்
1927 அக்டோபர் 27

சேசு மரி சூசை துணை

மாப்பிள்ளைக்கு, ஆலங்கரைப்பட்டி படையெடுப்பில் வெற்றி வாகை சூடித் திரும்பிய தனிஸ்லாஸ் எழுதும் வீரப் பிரதாபம். காய்ச்சல் என்று படித்ததும் அக்கா மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தாள். நான் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை, சிங்கமே பயப்படுகிற காய்ச்சல் என்று சொல்லி உன் பெருமையைக் காப்பாற்றினேன்.

நேற்றுப் புதன்கிழமை கோழி கூவுமுன் வண்டி கட்டினேன். மழை! நோவா காலத்து மழை இதற்குத் தம்பி. ஆற்றங்கரைக்குப் போனால் அங்கே ஆறே இல்லை, சமுத்திரம் படுத்திருக்கிறது. ஓடக்காரன் என்னைப் பார்த்து, "சாமி, பொண்டாட்டி புள்ளைக்கு எழுதி வெச்சுட்டு வந்தீங்களா?" என்றான். "எனக்குப் பெண்டாட்டி இல்லை, மருமகன் இருக்கிறான்" என்று கர்ஜித்து, அக்கரைக்கு நீந்திய ஒரு காளையின் வாலைப் பிடித்தேன். பாதி ஆற்றில் காளை களைத்துவிட்டது. மீதிப் பாதிக்கு அது என் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது.

ஆலங்கரைப்பட்டிச் சாமியாருக்குத் தொப்புள்வரை தாடி. என்னைக் கண்டதும் காப்பி கொடுத்துப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். எருமைக் கன்று கனம்! முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விரல் வைத்துப் பார்த்தேன். மதலைமுத்துவின் ஞானஸ்நானம் இருக்கிறது, கல்யாணம் இல்லை. தெருவில் இறங்கி வீடு வீடாகக் கேட்டேன். ஊரே ஒரே குரலில், "ஒத்தை ஆளுங்க அவரு" என்றது.

சாமியாருக்குக் காட்டத் தனித்தாளில் கச்சேரி முறைப்படி எழுதி இணைத்திருக்கிறேன்: "ஆலங்கரைப்பட்டி மதலைமுத்து என்பவர் இதுநாள்வரை கல்யாணம் ஆகாதவர் என்பதை அவ்வூர்க் கோவில் பதிவேட்டை நேரில் பார்த்தும் ஊராரை விசாரித்தும் அறிந்து, சர்வேசுரன் சாட்சியாகக் கையெழுத்திடுகிறேன்."

யானைகளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அவையும் வருத்தப்பட்டன.

தனிஸ்லாஸ்
ஆறு கடந்த அபூர்வ புருஷன்

6

பினாங்கு
1927 நவம்பர் 25

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மாமாவுக்கு தோத்திரம். நான் சுகம். இத்தனை சிரமப்பட்டுப் போய்வந்ததற்கு நன்றி. மழையில் நனைந்தது முழங்காலுக்கு ஆகவில்லையே?

பெரிய சாமியாரிடம் தங்கள் கையெழுத்துத் தாளை மட்டும் கொடுத்தேன். காளை, தாடி முதலியவை உள்ள கடிதத்தைக் கொடுக்கவில்லை. "உன் மாமா நம்பத்தக்கவரா?" என்று கேட்டார். ஆம் என்றேன்.

மூன்று ஞாயிறும் நானே ஓலை வாசித்தேன். புதன்கிழமை கல்யாணம் முடிந்தது. ரீத்தா வெள்ளைப் புடவை உடுத்தியிருந்தாள். பதிவேட்டில் தன் பெயரைத் தானே எழுதினாள். "பாத்தீங்களா, கோணல் இல்லாம எழுதிட்டேன்லா" என்று என்னிடம் காட்டினாள்.

துரை வீட்டார் வேறு ஆயாவோடு சிங்கப்பூர் போகிறார்கள்.

இனி பாசார் என்கிற சந்தையில் நானே மலாய் பேசிச் சமாளிக்க வேண்டும். அம்மாவுக்கு என் தோத்திரம்.

பெர்னார்ட்

7

பினாங்கு
1928 பிப்ரவரி 22

சேசு மரி சூசை துணை

மாமாவுக்கு தோத்திரம். அம்மா சுகமா?

ஆலங்கரைப்பட்டிச் சாமியாரின் பதில் போன வியாழக்கிழமை வந்தது. மதலைமுத்துவுக்கு 1921-ல் அந்தக் கோவிலிலேயே கல்யாணமாகியிருக்கிறது. மனைவி பெயர் அன்னமேரி. இரண்டு பிள்ளைகள். மூவரும் ஊரில் இருக்கிறார்கள். சாமியார் செப்டம்பர் முதல் ஜனவரி வரை தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்தாராம். பதிவேட்டுப் பெட்டியின் சாவியும் அவரிடமே இருந்ததாம்.

பெரிய சாமியார் மதலைமுத்துவைக் கூப்பிட்டனுப்பினார். "குளிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லிப் போனவர், ஒரு தொங்காங்கில் ஏறி சுமத்ராவுக்குப் போய்விட்டார் என்று துறைமுகத்தில் சொல்கிறார்கள்.

ரீத்தாவிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. அவள் முழுகாமல் இருக்கிறாள், மூன்றாவது மாதம். துணி தைத்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும், "அப்ப நான் யாரு, ஒபதேசியாரே?" என்று கேட்டாள். அவள் அத்தை என்னை வெளியே போகச் சொன்னார்.

என்னைக் கோவிலில் செபம் சொல்ல வேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறார்கள். அடுத்த வாரம் அக்கரையில் நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்துக்குப் போகிறேன். அங்கே தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும். அது பெரிதல்ல.

அந்தப் பதிவேட்டை யார் திறந்து காட்டினார்கள், மாமா?

பெர்னார்ட்

8

நாகப்பட்டினம்
1928 மார்ச் 19

சேசு மரி சூசை துணை

மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். அக்கா சுகம். இந்த வருஷம் மாமரம் காய்த்திருக்கிற காய்ப்பில் வீட்டுக் கூரை தாங்குமா என்பதே சந்தேகம். ஒரு காய் விழுந்து பக்கத்து வீட்டுக்காரர் மூன்று நாள் மயங்கிக் கிடந்தார்.

நீ எழுதிய சங்கதி படித்துத் திடுக்கிட்டேன். கோவில் பதிவேடுகளில் எலி கடிப்பது சகஜம். ஒரே ஊரில் இரண்டு மதலைமுத்து இருப்பதும் உண்டு. தாடிக்காரர் வேறு சாமியாராகவும் இருக்கலாம். மழையில் எனக்கு முகம் சரியாகத் தெரியவில்லை. விசாரித்து விரிவாக எழுதுகிறேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள். தோட்டத்தில் கொசு அதிகம்.

தனிஸ்லாஸ்

9

பைராம் தோட்டம்
1928 ஏப்ரல் 8

மாமா,

ஆலங்கரைப்பட்டிக்குப் போனீர்களா, இல்லையா? ஒரு வார்த்தை போதும்.

பெர்னார்ட்

10

நாகப்பட்டினம்
1928 ஜூலை 2

சேசு மரி சூசை துணை

பெர்னார்டுக்கு,

போகவில்லை.

இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

அன்று வண்டி கட்டியது உண்மை. மழை பெய்ததும் உண்மை. ஆற்றங்கரை வரை போனேன். ஓடம் இல்லை. அங்கே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். சூடாக இட்லி போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவரிடம், ஆலங்கரைப்பட்டி மதலைமுத்துவைத் தெரியுமா என்று கேட்டேன். "கப்பலுக்குப் போனவருங்களா? ஒத்தை ஆளுன்னு நெனக்கிறேன்" என்றார். அந்த "நெனக்கிறேன்" என்பதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மழை விடுவதற்குள் வீடு திரும்பிவிட்டேன். மறுநாள் உட்கார்ந்து உனக்கு எழுதினேன். எழுத எழுத நானே போய்வந்தது போல ஆகிவிட்டது. என் தொழில் அப்படி.

உங்கள் பெரிய சாமியாருக்கும் இதையே எழுதி அனுப்பியிருக்கிறேன். பொய் என்னுடையது, உனக்குத் தெரியாது என்று எழுதினேன்.

போன வாரம் ஆலங்கரைப்பட்டிக்குப் போனேன். ஆற்றில் மணல்தான் இருக்கிறது. அக்கரையிலிருந்து ஊருக்குப் பதினைந்து நிமிஷ நடை. சாமியாருக்குத் தாடி இல்லை.

அன்னமேரியைப் பார்த்தேன். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். நான் யாரென்று சொன்னதும், "அவரு உசுரோட இருக்காரா?" என்றாள். இருந்தார், இப்போது எங்கே என்று தெரியவில்லை என்றேன். "மூணு வருசமா கடுதாசி இல்லீங்க. போயிட்டாருன்னு நெனச்சுப் போன கல்லறைத் திருநாளைக்கு அவரு பேருக்குப் பூசை வெச்சேன்" என்றாள். கல்லறைத் திருநாள் நவம்பர் இரண்டாம் தேதி. நான் உனக்குக் கடிதம் போட்ட ஆறாம் நாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஐப்பசியில் வந்தேன், ஆற்றில் தண்ணீர், அதனால் திரும்பிவிட்டேன் என்றேன்.

"ஐப்பசியிலயா? நாங்க தெனமும் அக்கரைக்கு நடவுக்குப் போனோமே. இடுப்புத் தண்ணி. பொடவைய வரிஞ்சு கட்டிட்டு எறங்குவோம்."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒரு சேதியைச் சொல்வது போலச் சொன்னாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு அம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள். இல்லை, ஒரு அத்தை மட்டும் என்றேன். "அய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம் உண்டு. இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நெல் மூட்டையைத் தூக்கிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

உன் பிப்ரவரிக் கடிதத்தை அக்காவுக்கு ஒரு எழுத்து மாற்றாமல் வாசித்தேன். என்னோடு அவள் பேசுவதில்லை. சோறு மட்டும் போடுகிறாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கேட்கத் தகுதி இல்லாதவன்தான். அந்தக் கல்யாணம் செல்லாதென்றால் ரீத்தா யாருக்கும் மனைவி அல்ல. நீ அன்று சொல்லாமல் விட்டதை இப்போது போய்ச் சொல். நான் கெடுத்ததில் கொஞ்சமாவது நேராகட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தனிஸ்லாஸ்

11

பினாங்கு
1928 டிசம்பர் 12

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மாமாவுக்கு மருமகன் பெர்னார்ட் தோத்திரம். சுகமாக இருக்கிறேன். தோட்டத்தில் பிடித்த மலேரியா விட்டுவிட்டது. அம்மா உங்களோடு பேச வேண்டும் என்று தனியாக எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதத்தையும் நீங்கள்தான் அவருக்கு வாசிக்க வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்?

தங்கள் கடிதத்தைப் படித்த பெரிய சாமியார் என்னைத் திரும்ப அழைத்துக்கொண்டார். மணியும் ஆஸ்பத்திரியும் மறுபடி என்னிடம். லைன் வீடுகளில் இப்போது என்னைக் கேலி செய்வதில்லை. அதுவே ஒரு மாதிரியாக இருக்கிறது.

ரீத்தாவுக்கு ஆகஸ்டில் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் கல்யாணம் செல்லாது என்று பிஷப் மேற்றிராணியார் அக்டோபரில் எழுதிவிட்டார். பாசாரில் பெண்கள் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள்.

எல்லாப் பழியையும் தாங்களே எடுத்துக்கொண்டு சாமியாருக்கு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியது சரியல்ல, மாமா. காளையின் வாலைப் படித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உங்களை எனக்குத் தெரியாதா? இன்னொரு முறை எழுதிக் கேட்டிருக்கலாம். ஓலையை நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்தினால், ரீத்தாவை நானே வைத்துக்கொள்ள நிறுத்துகிறேன் என்று என் மனசே என்னைச் சொல்லும் என்று பயந்தேன். என்னைச் சுத்தமானவனாகக் காட்டிக்கொள்ள, உங்கள் பொய்யை உண்மையென்று மூன்று ஞாயிறு வாசித்தேன்.

இதைச் சாமியாரிடம் சொன்னேன். போன ஞாயிறு ரீத்தாவிடமும் சொன்னேன். பிறகு, நீங்கள் சொல்லச் சொன்னதையும் சொன்னேன்.

குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஒபதேசியாரே, நீங்க போன வருசமே இதச் சொல்லியிருந்தா நான் அப்பவே சரின்னிருப்பேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எதுக்கு ஒங்களுக்கு மலாய் சொல்லித் தந்தேன்னு நெனச்சீங்க?"

சிணுங்கிய குழந்தையைத் தட்டிக்கொடுத்தாள்.

"இப்ப முடியாதுலா. ஒங்க வீட்டு எழுத்த நம்பித்தான் ஒரு தடவ பீடத்துக்கு முன்னால நின்னேன். மறுபடி அங்க வந்து நின்னா, நீங்க என்ன வாசிச்சாலும் எனக்கு அந்த மூணு ஞாயிறுதான் காதுல கேக்கும்."

சிங்கப்பூரில் இருக்கும் பழைய துரை வீட்டம்மாவுக்கு அவளே தன் கையால் தமிழில் முன்பே எழுதிக் கேட்டிருக்கிறாள், அங்கே தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்துச் சொன்னாராம். குழந்தையோடு வரலாம் என்று பதில் வந்துவிட்டது. நேற்றுக் கப்பல். அத்தை வரவில்லை. குழந்தையை அவள் தூக்கிக்கொண்டாள், பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். படகுத்துறையில் பெட்டியை வாங்கிப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டு, "வெயிலு ஏறுது, ஒபதேசியாரே. ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு, போங்க" என்றாள்.

போனேன்.

தங்கள்
பெர்னார்ட்